வெறியை அளந்த கதை



ஒருவன் வெறியில் இருக்கிறானா இல்லையா என்பதை அறிந்துகொள்வது ஊராருக்கு எளிது; நீதிமன்றத்துக்கு அரிது. ஊரார் அவன் நடையைப் பார்ப்பர், பேச்சைக் கேட்பர், அருகே சென்றால் மணத்தை உணர்வர். அவ்வளவில் தீர்ப்புச் சொல்லிவிடுவர். நீதிமன்றமோ சான்று கேட்கிறது. சான்றுக்கு அளவு கேட்கிறது. அளவு உண்டென்றால் அந்த அளவுக்கும் குற்றத்துக்கும் உள்ள உறவு யாதெனக் கேட்கிறது. கள்ளும் சாராயமும் குடித்தவனை அவனது மூச்சே காட்டிக்கொடுத்துவிடும். கஞ்சா உண்டவனையோ புகைத்தவனையோ அவ்வாறு காட்டிக்கொடுக்கும் கருவி நெடுங்காலம் உலகில் எங்கும் இருக்கவில்லை. வாகனம் ஓட்டும் ஒருவனிடத்துக் கஞ்சாவின் மயக்கத்தைச் சட்டம் எவ்வாறு தேடிற்று, எவ்வளவு தூரம் கண்டது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இதனை மட்டக்களப்பு வாவிக் கரையில் நின்று பார்ப்பது தக்கது என்பது என் எண்ணம். காரணம் பின்னர் விளங்கும்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடப்பது. கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. மேற்கே வயல் வட்டைகளும் காடுகளும் கொண்ட நிலம் படுவான்கரை. நெல் விளைவது பெரும்பாலும் படுவான்கரையில். அதை உண்போரும் விற்போரும் அடர்ந்து வாழ்வது எழுவான்கரையில். ஆகவே இவ்விரு கரைகளுக்கும் இடையே போக்குவரத்து என்பது இந்நாட்டின் உயிர்நாடி. நீண்ட காலம் அப்போக்குவரத்து மாட்டு வண்டிலாலும், ஓடத்தாலும், 'பாதை' என்று இப்பகுதியினர் அழைக்கும் மிதவைகளாலுமே நடைபெற்றது. தேசாதிபதி மனிங் அவர்களின் துணைவியார் பெயர் தாங்கிய கல்லடிப் பாலம் 1924 ஆம் ஆண்டிலும், புகையிரதம் 1928 ஆம் ஆண்டிலும் வந்தன. மண்முனையில் பாதைக்குப் பதிலாகப் பாலம் அமைந்ததோ 2014 ஆம் ஆண்டில்தான்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்பை வந்தடையும் நெடுஞ்சாலை ஒன்று உண்டு. அதில் மொனராகலை, சியம்பலாண்டுவப் பகுதிகளின் காடுகள் களவாகச் செய்யப்படும் கஞ்சாச் சேனைகளுக்குப் பேர்போனவை. நெல் லொறியும், மீன் லொறியும், யாத்திரிகர் பஸ்ஸும் செல்லும் அதே வீதியின் இரு மருங்கிலுமே அந்தச் சரக்கும் விளைகிறது என்றால், சாரதிக்கும் கஞ்சாவுக்கும் உள்ள தொடர்பு இங்கே புத்தகப் பிரச்சினை அன்று என்பதை நேயர்கள் உணர்வீர்கள்.

கஞ்சா கிழக்கிலங்கை வரலாற்றில் நுழைவது ஓர் ஆங்கிலேயனின் கதையோடு. மட்டக்களப்புக்கு வடக்கே கொட்டியாரக் குடாவில் 1660 ஆம் ஆண்டு கண்டி அரசனின் ஆட்களிடம் அகப்பட்ட றொபேட் நொக்ஸ் என்பவன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்நாட்டிற் சிறைவாழ்வு வாழ்ந்து, 1679 இல் தப்பியோடி, 1681 இல் தன் நூலை இலண்டனில் வெளியிட்டான். வரண்ட காட்டுப் பகுதிகளில் அலைந்தபோது கெட்ட நீரைக் குடித்துக் காய்ச்சலுற்றதாகவும், பின்னர் ஓர் உலர்ந்த இலையைத் தூளாக்கிப் பனைவெல்லம் போன்ற கருப்பட்டியோடு சேர்த்துக் காலையும் மாலையும் வெறும் வயிற்றில் உண்ணக் கற்றுக்கொண்டதாகவும், அதன்பின் அந்நோய் தம்மை வருத்தவில்லை என்றும் அவன் எழுதுகிறான். அந்த இலை பங்கி, அதாவது கஞ்சா. அது தலையைச் சுழலவைக்கும் என்பதையும் அவன் மறைக்கவில்லை. 1689 ஆம் ஆண்டில் விஞ்ஞானி றொபேட் ஹூக் இலண்டன் றோயல் சங்கத்தில் இந்தப் பூண்டைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அவருக்குச் செய்தி அளித்தவன் இந்த நொக்ஸ்தான். ஐரோப்பிய விஞ்ஞானம் கஞ்சாவைப் பற்றிக் கேட்ட முதற் செய்திகளுள் ஒன்று நம் நாட்டிலிருந்து, அதுவும் கிழக்குக் கரையில் பிடிபட்ட ஒருவன் வாயிலாகப் போயிற்று என்பது நாம் அதிகம் பேசாத ஒரு செய்தி.

நொக்ஸ் கண்டது மருந்து. நம் சித்த வைத்தியத்திலும் அஃது மருந்தே. கோரக்கர் மூலி என்ற பெயரால் வழங்கும் அப்பூண்டைச் சுத்தி செய்து, பிற சரக்குகளோடு சேர்த்து, இலேகியமாகக் கிண்டிக் கொடுக்கும் முறையை நாட்டு வைத்தியர்கள் அறிவர். வயிற்றுக் கழிச்சலுக்கும் உறக்கமின்மைக்கும் அளவறிந்து கொடுப்பது வழக்கம். இலேகியம் உண்டவர் வண்டிலில் ஏறினால் என்ன ஆகும் என்று அந்நாளில் எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் பெரிதாக இல்லை. வண்டிற்காரன் உறங்கிப்போனாலும் மாடுகள் வீட்டுக்கு வழி அறியும். மோட்டார் எந்திரத்துக்கு அந்த அறிவு இல்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இது இரண்டு தனித்தனி வாய்க்கால்களாக ஓடிவந்து பின்னர் ஒன்று கலந்தது. ஒன்று கஞ்சாவைப் பற்றிய சட்டம். மற்றது வாகனத்தைப் பற்றிய சட்டம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1867 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒன்று அபினியின் விற்பனையையும் பங்கியின் விற்பனையையும் கட்டுப்படுத்த முனைந்தது. அயலில் இந்தியாவிலோ 1893 இல் ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டு, நாடு முழுவதும் சாட்சியம் பெற்று, அடுத்த ஆண்டில் ஏழு தொகுதிகள் கொண்ட அறிக்கையைச் சமர்ப்பித்தது. மிதமாகக் கொள்வதால் பெருந்தீங்கில்லை, மிஞ்சினால் தீங்குண்டு, முற்றாகத் தடைசெய்வதிலும் வரியாலும் உரிமத்தாலும் கட்டுப்படுத்துவதே நன்று என்பது அதன் முடிவு. ஏழு தொகுதிகளிலும் மனநோய், ஒழுக்கம், குற்றம் என்பவையெல்லாம் அலசப்பட்டன. மோட்டார் வாகனம் ஓட்டுவதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்க நியாயமில்லை. அந்நாளில் இந்திய வீதிகளில் மோட்டார் வாகனமே இல்லை.

உலகின் போக்கு 1925 இல் மாறிற்று. ஜெனீவாவில் அபினியைப் பற்றிக் கூடிய மாநாட்டில் எகிப்து நாட்டின் பிரதிநிதி எழுந்து, தம் நாட்டுக்கு அபினியிலும் பெருங்கேடு கஞ்சாப் பிசின் என்று வாதாடினார். அதன் பயனாக இந்தியக் கஞ்சாவும் அந்த ஆண்டின் உடன்படிக்கையிற் சேர்க்கப்பட்டது. இலங்கையில் 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க, நஞ்சுகள், அபினி, அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. கஞ்சாவைப் பயிரிடுவதும், வைத்திருப்பதும், விற்பதும் குற்றமாயின. பலமுறை திருத்தப்பட்ட போதிலும் இந்தச் சட்டமே இன்றளவும் அடித்தளம். ஆயினும் இது தேடுவது பொருளை. சட்டைப் பையில் இருக்கும் பொட்டலத்தை. மனிதனின் குருதியில் இருப்பதை அன்று.

வாகனச் சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் உள்ளது. 1872 ஆம் ஆண்டின் மதுவிற்பனைச் சட்டம், வீதியில் வண்டியையோ, குதிரையையோ, மாட்டையோ, நீராவி எந்திரத்தையோ வெறியில் நடத்துபவனைத் தண்டித்தது. மாட்டை ஓட்டிச் செல்பவனையும் விடாத அச்சட்டத்தை நினைக்கையில் நம் படுவான்கரை மாட்டுக்காரர்கள் சிரிக்கக்கூடும். 1925 இல் எந்திரத்தால் இயங்கும் வாகனங்கள் என்ற தொடர் சேர்ந்தது. 1930 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டமே முதன்முதலாக மது 'அல்லது மருந்து' என்று சொல்லிற்று. மதுவாலோ மருந்தாலோ வாகனத்தைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு ஆட்பட்டிருத்தல் குற்றம் என்பது அதன் கருத்து. அந்த ஒரு சொல்லில் கஞ்சாவும் அடங்கிவிட்டது. ஆங்கிலச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்ட நாடுகளெல்லாம் அச்சொல்லை எடுத்துக்கொண்டன.

இலங்கையில் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, மனித உயிருக்கு ஆபத்து விளையும் வண்ணம் பொது வழியில் மூர்க்கமாக வண்டி ஓட்டுவதை 272 ஆம் பிரிவிலும், கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதை 298 ஆம் பிரிவிலும், வெறியில் பொது இடத்தில் முறைகேடாக நடப்பதை 488 ஆம் பிரிவிலும் குற்றமாக்கியிருந்தது. மோட்டார் வாகனங்களுக்கென்று தனிக் கட்டளைச் சட்டங்கள் பின்னர் வந்தன. அவற்றின் இடத்தில் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அதன் 151 ஆம் பிரிவு மதுவையும் மருந்தையும் ஒருசேர எடுத்துப் பேசுகிறது. பிற்காலத் திருத்தங்களும் விதிகளும், ஐயத்துக்குரிய சாரதியை மூச்சுச் சோதனைக்கோ அரசாங்க வைத்தியரின் பரிசோதனைக்கோ உட்படுத்தும் அதிகாரத்தைப் பொலிசாருக்கு அளித்தன. நூறு மில்லிலீற்றர் குருதியில் 0.08 கிராம் மதுசாரம் என்பது நெடுங்காலம் இந்நாட்டில் எல்லைக்கோடாக விளங்கியது.

மதுவுக்கு இந்த எண் எவ்வாறு கிடைத்தது? சுவீடன் நாட்டு விஞ்ஞானி விட்மார்க் 1922 இல், சில துளிக் குருதியைக் கொண்டே மதுசாரத்தை அளக்கும் முறையைக் கண்டார். நோர்வே நாடு 1936 இல் குருதியின் அளவையே குற்றமாக வகுத்தது. அவன் தள்ளாடினானா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பேராசிரியர் ஹார்கர் 1930களில் பலூனில் ஊதவைத்துப் பார்க்கும் கருவியைச் செய்தார்; அதே மாநிலத்தின் பொலிஸ் அதிகாரி போர்க்கன்ஸ்ரைன் 1954 இல் அதனிலும் கைக்கடக்கமான ஒன்றை அமைத்தார். மதுசாரம் நீரிற் கரைவது. ஆகையால் அது குருதியோடு உடலெங்கும் ஒரே சீராகப் பரவுகிறது. சுவாசப்பையில் ஒரு நிலையான விகிதத்தில் மூச்சோடு வெளிவருகிறது. மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதம் குறைந்து செல்கிறது. குருதியில் கூடினால் மயக்கம் கூடும். குறைந்தால் மயக்கம் குறையும். நேர்மையான எதிரி என்றே இதைச் சொல்லலாம். 1967 இல் இங்கிலாந்து 80 மில்லிகிராம் என்று கோடு கிழித்தபோது, அதன் பின்னணியில் நாற்பது ஆண்டு ஆராய்ச்சி இருந்தது.

கஞ்சாவின் கதை வேறு. சூடானின் கார்ட்டூம் நகரில் இருந்த ஆய்வுகூடத்தில் வில்லியம் பீம் என்பவர் 1911 இல், கஞ்சாச் சாற்றில் காரத்தைச் சேர்த்தால் ஊதா நிறம் தோன்றும் என்று காட்டினார். 1930களில் டுக்கெனுவா என்பவர் அதனிலும் சிறந்த நிறச்சோதனை ஒன்றை வகுத்தார். இவை எல்லாம் பொட்டலத்தைச் சோதிப்பவை. கைப்பற்றிய சுருட்டு கஞ்சாதானா என்பதை அரச இரசாயனப் பகுப்பாளர் உறுதியாகச் சொல்லிவிடலாம். அதைப் புகைத்தவனின் குருதியில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல வழியில்லை. மயக்கம் தரும் சத்து எது என்பதே தெளிவாகத் தெரியாதபோது எதைத் தேடுவது? இஸ்ரேல் நாட்டில் மெக்கூலம், கயோனி என்ற இருவர் 1964 இல் அந்தச் சத்தைத் தூய நிலையிற் பிரித்தெடுத்து அதன் அமைப்பை நிறுவினர். டெற்றாஹைட்றோகன்னாபினோல் என்பது அதன் நீண்ட பெயர். நாம் கஞ்சாச் சத்து என்றே வழங்குவோம்.

சத்தைக் கண்டபின்னும் அளவு கிட்டவில்லை. காரணம், இது நீரில் அன்றிக் கொழுப்பிற் கரைவது. புகைத்தவுடன் சில நிமிடங்களிற் குருதியில் உச்சத்தை அடைந்து, ஒரு மணி இரண்டு மணி நேரத்துள் மளமளவென்று இறங்கிவிடுகிறது. ஏனெனில் அது குருதியை விட்டு மூளைக்கும் கொழுப்புக்கும் சென்று ஒடுங்குகிறது. மயக்கமோ மேலும் சில மணி நேரம் நிற்கிறது. ஆகவே குருதியில் அளவு தாழ்ந்திருக்கையில் மனிதன் மயங்கியிருக்கலாம். மறுபுறம், நாள்தோறும் புகைப்பவனின் கொழுப்பிலிருந்து அச்சத்து மெல்லக் கசிந்துகொண்டே இருப்பதால், மயக்கம் தெளிந்து நாளான பின்னும் குருதியிற் சிறிதளவு தென்படும். சிறுநீரில் தென்படுவதோ அச்சத்தும் அன்று. உடல் அதைச் சிதைத்த பின் எஞ்சிய, மயக்கம் தராத ஒரு கழிவு. எப்போதாவது புகைப்பவனிடம் சில நாட்களும், வழக்கமாகப் புகைப்பவனிடம் சில வாரங்களும் அது காணப்படும். சென்ற கிழமை திருவிழாவிற் புகைத்தவனும், அரைமணிக்கு முன்னர் புகைத்தவனும் சிறுநீர்ச் சோதனையில் ஒருவரே. இலேகியமாக உண்டாலோ உச்சம் ஒரு மணி முதல் மூன்று மணி வரை தாமதித்து வருகிறது. புறப்படும்போது தெளிவாக இருந்தவர் வழியில் மயங்கக்கூடும்.

அப்படியாயின் கஞ்சா உண்மையிலேயே ஓட்டுதலைக் கெடுக்கிறதா என்று சிலர் கேட்பதுண்டு. 1969 இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒப்புமைக் கருவியில் அமர்த்திச் செய்த ஆய்வு, மதுவைப்போல் கஞ்சா கெடுக்கவில்லை என்று கூறி வாதத்தை மூட்டிற்று. 1993 இல் நெதர்லாந்தின் ஆராய்ச்சியாளர் றொபே, ஓஹன்லன் ஆகியோர் உண்மையான வீதியிலேயே ஓட்டவைத்துப் பார்த்தபோது, வாகனம் தன் ஓடுவரிசையில் நேர்படச் செல்லாது அங்குமிங்கும் அசைவது அளவோடு கூடியது. ஆயினும் கஞ்சா புகைத்தோர் தம் குறையைத் தாமே உணர்ந்து வேகத்தைக் குறைக்க முயன்றதும் தெரிந்தது. குடித்தவன் தன்னை வீரனென்று எண்ணுகிறான். கஞ்சாக்காரன் தன்னைக் கோழையென்று எண்ணுகிறான் என்று இதைச் சுருக்கிச் சொல்வர். இந்தச் சமாதானத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. நிதானமாகச் செல்லும் வீதியில் அந்த எச்சரிக்கை உதவலாம்; எதிர்பாராதது நேரும்போது உதவாது. கஞ்சா கெடுப்பது காலத்தையும் தூரத்தையும் மதிக்கும் உணர்வை, இரண்டு காரியங்களை ஒருங்கே கவனிக்கும் ஆற்றலை. பழைய கல்லடிப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 2013 ஆம் ஆண்டில் புதிய பாலம் திறக்கப்படும் வரை, ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள், ஒரு வாகனம் மட்டுமே செல்லக்கூடிய அந்த ஒடுங்கிய பாலத்தில் எதிரே வருவது எவ்வளவு தொலைவில் இருக்கிறது, நான் நுழையலாமா நிற்கலாமா என்பதை ஒரு நொடியில் தீர்மானிக்க வேண்டியிருந்தது. சைக்கிளில் செல்லும் மீனவனும், பள்ளிப் பிள்ளைகளும் அதே பாலத்தில். வெறுமனே மெதுவாக ஓட்டுவது அங்கே ஒரு காப்பாகாது. அத்துடன் கஞ்சாவோடு சாராயமும் சேர்ந்தால் இரண்டின் கேடும் பெருகும் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடில்லை.

உலக நாடுகள் இந்தச் சிக்கலை ஆளுக்கொரு விதமாக அவிழ்க்கப் பார்த்தன. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், வீதியோரத்தில் உமிழ்நீரைச் சோதிக்கும் முறையைத் தொடங்கிற்று. எவ்வளவு என்று அங்கே கேட்பதில்லை. உண்டா இல்லையா என்பதே கேள்வி. தொடங்கிய அன்றே செய்தியாளர் சூழ்ந்து நிற்க ஒரு சாரதியின் உமிழ்நீர் கஞ்சாவைக் காட்டிற்று. நாடெங்கும் அவர் படம் வெளியாயிற்று. பின்னர் ஆய்வுகூடத்தில் நுணுகிச் சோதித்தபோது அவரிடம் ஒன்றுமில்லை என்று முடிந்தது. வீதியோரச் சோதனை ஐயத்தை எழுப்பலாம், தீர்ப்புக் கூறலாகாது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. இங்கிலாந்து 2015 ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல், ஒரு லீற்றர் குருதியில் 2 மைக்கிறோகிராம் கஞ்சாச் சத்து என்று கோடு கிழித்தது. அங்கு மதுவுக்குள்ள எல்லையோடு எடை பார்த்தால் இது நான்கு இலட்சத்தில் ஒரு பங்கு. எவ்வளவு நுண்ணிய தராசு வேண்டும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கனடா 2018 இல் ஒரு மில்லிலீற்றருக்கு 2 நனோகிராம் என்றும் 5 நனோகிராம் என்றும் இரு படிகளாக வகுத்தது. ஜேர்மனி 2024 இல் குருதிநீரில் 3.5 என்றது. எண்கள் வெவ்வேறாயிருப்பதே இந்தத் துறையில் விஞ்ஞானம் இன்னும் முடிவு கூறவில்லை என்பதற்குச் சாட்சி. இந்தியாவின் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185 ஆம் பிரிவோ, மதுவுக்கு 30 மில்லிகிராம் என்று எண் கூறிவிட்டு, மருந்துக்கு வரும்போது, சரிவரக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு என்ற 1930 ஆம் ஆண்டு ஆங்கிலச் சொற்களுக்கே திரும்பிவிடுகிறது.

நம் 1951 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் கஞ்சாவுக்கென்று அத்தகைய எண் வகுக்கப்படவில்லை. ஆகவே பாரம் முழுவதும் வைத்தியரின் தோளில் விழுகிறது. மட்டக்களப்பில் ஒரு சாரதியைப் பொலிசார் இரவில் வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தால், வைத்தியர் முதலில் அவன் தலையில் அடிபட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். நீரிழிவு நோயில் சர்க்கரை குறைந்தவனும் வெறிகாரனைப்போலவே தோன்றுவான். பின்னர் நாடித்துடிப்பு, கண் சிவப்பு, கண்மணியின் விரிவு, நாவறட்சி, நேர்கோட்டில் நடை, கண்ணை மூடி மூக்கு நுனியை விரலாற் தொடுதல், நாளும் நேரமும் சொல்லுதல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுவார். கஞ்சாவில் நாடி விரையும், கண் சிவக்கும், வாய் உலரும். ஆனால் காற்றடிக்கும் வாவிக்கரையில் இரவெல்லாம் வலைவீசியவனுக்கும் கண் சிவப்பு உண்டு. பொலிசைக் கண்டு பயந்தவனுக்கும் நாடி விரையும், வாய் உலரும். அனுபவமுள்ள வைத்தியர் தனித்தனிக் குறியை நம்பாமல் அனைத்தையும் சேர்த்தே தீர்மானிப்பார்.

குருதியும் சிறுநீரும் எடுக்கப்பட்டால், அவை முத்திரையிடப்பட்டு, கைமாறும்போதெல்லாம் கையொப்பம் இடப்பட்டு, அரச இரசாயனப் பகுப்பாளரிடம் செல்லவேண்டும். படுவான்கரைக் கிராமம் ஒன்றில், பாலங்கள் வராத காலத்தில் விபத்து நேர்ந்தால், சாரதி வாவியைக் கடந்து வைத்தியர் முன் நிற்பதற்குள் மணிக்கணக்காகும். அதற்குள் குருதியில் கஞ்சாச் சத்துப் பெரும்பாலும் இறங்கிவிட்டிருக்கும். எஞ்சுவது சிறுநீரிலுள்ள கழிவு ஒன்றே. ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதி விபத்துக்களில் மடியும் இந்நாட்டில், பஸ் சாரதிகளிடம் போதைப்பொருட் சோதனை நடத்துவது 2025 ஆம் ஆண்டில் விரிவடைந்ததைப் பத்திரிகைகளிற் கண்டிருப்பீர்கள். நான் அதை வரவேற்கிறேன். ஆயினும் சிறுநீர்க் கழிவை மட்டும் கொண்டு ஒருவனின் பிழைப்பைப் பறிப்பதாயின், அது அவன் ஓட்டியபோது மயங்கியிருந்தான் என்பதற்காக அன்று, முன்னொருநாள் கஞ்சா கொண்டான் என்பதற்காகத் தண்டிப்பதாகும். அதற்கு வேறு சட்டம் 1929 முதலே இருக்கிறது. பயணிகளை ஏற்றிச் செல்லும் தொழிலில் அத்தகைய கடுமை தக்கதே என்று வாதிடலாம். வாதிடுவோர் அதை அந்தப் பெயராலேயே வாதிடட்டும்.

இன்னும் ஒரு முடிச்சு உண்டு. அது நம் நாட்டுக்கே உரியது. 1961 ஆம் ஆண்டில் உலக நாடுகள் நியூயோர்க்கிற் கூடிப் போதைப்பொருட்கள் பற்றிய தனி உடன்படிக்கையைச் செய்தன. அதே ஆண்டிலே இலங்கைப் பாராளுமன்றம் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தை இயற்றி, சித்தம், யூனானி, தேசிய வைத்தியம் ஆகியவற்றையும் அதனுள் அடக்கிற்று. பதிவுபெற்ற வைத்தியர்கள் மருந்து செய்வதற்கு அளவோடு கஞ்சா பெற வழி இருக்கிறது. நீதிமன்றங்களிற் கைப்பற்றப்பட்ட கஞ்சாவே ஆயுர்வேதத் திணைக்களத்தின் வாயிலாக அவ்வாறு பயன்பட்டு வந்திருக்கிறது. காட்டுச் சேனையிற் பிடிபட்ட சரக்கு நீதிமன்றம் வழியாக வைத்தியரின் உரலை அடைந்து இலேகியமாகிறது. அதை உறக்கத்துக்காக உண்ட முச்சக்கர வண்டிச் சாரதி மறுநாட் காலை சோதிக்கப்பட்டால் என்ன விடை? இங்கிலாந்தின் 2015 ஆம் ஆண்டு ஏற்பாடு, வைத்தியர் பணித்தபடி மருந்துண்டவர்க்கு அதையே எதிர்வாதமாகக் கூற இடம் அளிக்கிறது. ஆனால் அவர் உண்மையில் மயங்கி ஓட்டியிருந்தால் அந்த வாதம் அவரைக் காவாது. நம் நாட்டில் இலேகியம் எழுதிக் கொடுக்கும் வைத்தியர் எத்தனை மணிக்கு உண்ணவேண்டும், அதன்பின் எத்தனை மணி நேரம் வண்டியைத் தொடலாகாது என்பதை நோயாளியின் துண்டிலேயே எழுதிக் கொடுத்தால், சட்ட வைத்திய அதிகாரிக்கும் நீதவானுக்கும் கையிற் பிடித்துக்கொள்ள ஏதேனும் கிடைக்கும். சென்ற இரவு எட்டு மணிக்கு உண்டான், காலை ஏழு மணிக்கு நடை நேராக இருந்தது, நாடி எழுபத்திரண்டு என்ற மூன்று குறிப்புக்கள், நனோகிராம் கணக்கைவிட அங்கே பெரிதும் பயன்படும்.